தில்லையம்மாள் வீட்டுக்கு வந்த போன்

எங்க அண்ணி தில்லையம்மாளப் பத்தி கடலூர் மஞ்சக்குப்பத்துல யாரக் கேட்டாலும் தங்கமான பொம்பளன்னுதான் சொல்லுவாங்க. பக்கத்து வீட்டு மங்கலத்துக்குக் கால் வீங்குனா கட்டு கட்டி விடறது அண்ணி. அவளுக்குக் கஞ்சி வச்சுக் குடுக்கறது அண்ணி. பஸ் ஏத்தி சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு வர்றதும் அண்ணிதான். "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா"ன்னு தெருவே மெச்சும். மெச்சுனா அண்ணிக்கு மொகம் சுருங்கிடும், எழுந்து உள்ள போயிடுவாங்க. நான் அத அடக்கம்னு நெனச்சேன். என் புத்திய என்னன்னு சொல்றது!

நான் எழிலரசி. அண்ணன் சுப்பராயலுவுக்கு ஒரே தங்கச்சி. அண்ணாமலை நகர்ல யூனிவர்சிட்டி ஆபீஸ்ல கிளார்க் வேல, ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்ல குடித்தனம். எனக்கு வாய் ஜாஸ்தி, கோவம் அதவிட ஜாஸ்தி. ஆனா எங்க அண்ணிக்கு இருக்கிற ரோஷம் எனக்குக் கெடையாது. அண்ணிக்குப் பொறந்த ஊரு காட்டுமன்னார்கோயில். அவுங்க சித்தப்பா மவ கல்யாணத்துல பந்தியில இவுங்கள விட்டுட்டு அடுத்த ஆளுக்கு எல போட்டுட்டாங்கன்னு, தாலி கட்டி முடிஞ்ச கையோட பட்டினியா பஸ் ஏறி வந்தவங்க. கெட்ட மனசு கெடையவே கெடையாது. யாருக்காவது ஒடம்பு சரியில்லன்னா மொதல்ல ஓடுவாங்க. ஆனா மரியாத கொறஞ்சுதுன்னு ஒரு எண்ணம் வந்துச்சுன்னா அவ்வளவுதான், மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. திருப்புனா திருப்புனதுதான்.

அண்ணன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அதனால அந்தத் தெருவுல மொதல்ல போன் வந்தது அவுங்க வீட்டுக்குத்தான். தெருவுல பாதிப் பேரு எங்க எழுதிக் குடுத்தாலும் அண்ணன் வீட்டு நம்பர எழுதி, பக்கத்துல பிபின்னு போட்டுடுவாங்க. பக்கத்து வீட்டு போன், கூப்ட்டு சொல்லுவாங்கன்னு அர்த்தம். செல்போன் எல்லார் கையிலயும் வராத காலம் அது. அண்ணியும் சளைக்காம செவுத்துக்கு மேல எட்டிப் பாத்து, "மங்கலம், போனு! கிள்ளையிலேர்ந்து உன் தங்கச்சி!"ன்னு கத்துவாங்க. மங்கலம் மாவுக் கையோட ஓடி வருவா. பேசி முடிச்சதும் ரெண்டு பேரும் ஒக்காந்து ஊருக் கதையெல்லாம் பேசுவாங்க. மங்கலத்தோட வீட்டுக்காரரு பொன்னுரங்கம். ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் அசிஸ்டென்ட். வாயில வெரல வச்சாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். ஒரே பொண்ணு, ரேகா.

ரெண்டாயிரத்து அஞ்சுல மங்கலத்துக்குக் கர்ப்பப்பைய எடுத்தாங்க. எடுத்துட்டு வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்லயே கால் வீங்கி, மூச்சு வாங்கிச்சு. பாண்டிச்சேரியில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுனாங்க. கால் நரம்புல ரத்தம் கட்டியிருக்குது, அது பிச்சிக்கினு மேல போய் நுரையீரல அடைச்சா ஆளு தங்காதுன்னுட்டாங்க. ரத்தத்த எளக்க மருந்து குடுத்தா, வயித்துப் புண்ணுலேர்ந்து ரத்தம் ரத்தமா வாந்தி எடுத்தா. மருந்தும் குடுக்க முடியாது, சும்மாவும் விட முடியாது. அதனால வயித்துல முதுகெலும்பு ஓரமா ஓடற பெரிய ரத்தக் கொழாய்க்குள்ள ஒரு ஃபில்டர வச்சாங்க. துணி இல்லாத குடை, வெறும் கம்பி மட்டும். கட்டி மேல ஏறி வந்தா அதுல சிக்கிக்கும்.

"இது தற்காலிகம்தான். புண்ணு ஆறுனதும் மாத்திரை ஆரம்பிச்சுட்டு இத எடுத்துடணும். அப்படியே விட்டுடக் கூடாது. எடுக்கற டாக்டர் மெட்ராஸ்லேர்ந்து எப்பவாச்சும்தான் வருவாரு. வர்ற தேதி தெரிஞ்சா போன் பண்றோம்"னு சொல்லி அனுப்பிச்சாங்க. பொன்னுரங்கம் எங்க அண்ணன் வீட்டு நம்பர எழுதிக் குடுத்து, பிபி போட்டுட்டு வந்தாரு.

அந்த நேரம் பாத்து ரேகா பெரிய மனுஷி ஆனா. மங்கலம் காலத் தூக்கி ஸ்டூல் மேல வச்சுக்கினு நாற்காலியில ஒக்காந்திருக்கா, சடங்கு நடந்த மண்டபத்துல எல்லா வேலையும் கிள்ளையிலேர்ந்து வந்த தங்கச்சிதான் பாத்தா. எங்க அண்ணி பட்டுப் பொடவ கட்டிக்கினு, பழமும் பூவும் வளையலுமா வரிசைத் தட்டு எடுத்துக்கினு போனாங்க. வாசல்ல சந்தனக் கிண்ணத்த வச்சுக்கினு நின்ன தங்கச்சிக்காரி, முன்னால போனவங்களுக்கு சந்தனம் குடுத்தா, பின்னால வந்தவங்களுக்குக் குடுத்தா. நடுவுல அண்ணிய விட்டுட்டா. அவ ஏதோ பேச்சு வாக்குல திரும்பியிருப்பா, பாவம். அண்ணி தட்டக் கீழ வச்சுட்டு, சாப்புடாம வீட்டுக்கு வந்துட்டாங்க.

மறுநாள் கொழாயடியில நின்னுக்கினு, மங்கலம் வீட்டுக்குக் கேக்கட்டும்னே சத்தமா, "வரிச வாங்கத் தெரியுது, வாசல்ல ஒரு பொட்டு சந்தனம் குடுக்கத் தெரியல"ன்னாங்க. மங்கலம் லேசுப்பட்டவளா? ஒக்காந்த எடத்துலேர்ந்தே, "சந்தனத்துக்கு அலையறவ கடையில வாங்கி மூஞ்சி முழுக்கப் பூசிக்கட்டும்!"னு கத்துனா. முடிஞ்சுது. பேச்சுவார்த்த கெடையாது. மங்கலம் புருஷன்கிட்ட, "நீ அந்த வூட்டு வாசல்ல கால வச்சே, என் பொணத்தத்தான் பாப்பே"ன்னு சத்தியமே பண்ணிட்டா. அந்தப் பேச்சு எங்க அண்ணி காதுலயும் நல்லா விழுந்துச்சு.

இதோட கதைய நிறுத்தியிருந்தா, தெருவுக்குத் தெரு நடக்கற சண்டைதான். ரெண்டு வருசம் கழிச்சு எங்கம்மா செத்துப் போனாங்க. சாவுக்கு யாரும் பகை பாக்கறதில்லையே. மங்கலம் நொண்டிக்கினே வந்து, அடுப்ப மூட்டாத வீட்டுக்குக் கொடத்துல காபி போட்டு எடுத்துக்கினு வந்தா. அண்ணி அவளக் கட்டிப் புடிச்சு அழுதாங்க பாருங்க, எங்கம்மாவுக்குக்கூட அப்படி அழல. "மாமியா மேல இவ்வளவு பாசமா!"ன்னு நானே கிண்டல் பண்ணேன்.

ரெண்டாயிரத்து ஒம்போதுல மங்கலத்துக்கு ரெண்டு காலும் வீங்க ஆரம்பிச்சுது. தோலு கறுத்து, கணுக்கால் பக்கம் புண்ணு வச்சுது. சிதம்பரத்துல ஸ்கேன் எடுத்த டாக்டர், "இந்த ஃபில்டர எப்ப வச்சாங்க? எடுக்கச் சொல்லிக் கூப்ட்டிருப்பாங்களே, ஏன் போகல? இப்ப ஒட்டிப் போச்சு, இனிமே எடுக்கறது கஷ்டம்"னாரு. அந்த ரூமுல மங்கலம், பொன்னுரங்கம், அண்ணி, நான், நாலு பேரும் இருந்தோம். மங்கலம் புருஷன் பக்கம் திரும்புனா.

"ஏன்யா, நீ ஒரு தரமாச்சும் போனு வந்துச்சான்னு விசாரிச்சியாய்யா? பொண்டாட்டி வயித்துல கம்பி கெடக்குதேன்னு ஒரு நெனப்பு இருந்துச்சா உனக்கு?"

அந்த மனுஷன் தலையக் குனிஞ்சுக்கினாரு. அண்ணியும் தலையக் குனிஞ்சுதான் நின்னாங்க. நான் அவரத்தான் பாத்தேன், அண்ணியப் பாக்கல.

அன்னிலேர்ந்து பொன்னுரங்கத்துக்குத் தெனமும் அதே பாட்டுதான். சோறு போடறப்ப திட்டு, தண்ணி மொண்டு குடுத்தா திட்டு. "மறதிப் பொணம், என்னக் கொல்றதுக்குன்னே வந்து வாச்சுது"ன்னு திட்டுவா. ஒருநாள் எம் முன்னாலயே, "நான் செத்தா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கலாம்னு பாத்தியா?"ன்னு கேட்டுட்டா. அவரு கண்ணு கலங்கிப் போச்சு, அப்பயும் எதுத்துப் பேசல. ரெண்டு வருசம் இப்படியே ஓடுச்சு. ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல ஸ்கூலுக்குக் கெளம்பி சைக்கிள எடுத்தவரு, நெஞ்சப் புடிச்சுக்கினு அங்கயே ஒக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. மங்கலம் அழுதப்பகூட அவரத் திட்டிக்கினேதான் அழுதா.

அடுத்த வருசம் மங்கலத்துக்கு முதுகு வலி தாங்க முடியல. திரும்ப ஸ்கேன் எடுத்தா, ஃபில்டர் சாஞ்சு போயி, அதோட கம்பிக் கால் ஒண்ணு ரத்தக் கொழாயத் தாண்டி வெளிய வந்து எலும்புல குத்திக்கினு நிக்குது. இத்தன வருசம் கழிச்சு எடுக்கறது எல்லாராலயும் ஆகாது, மெட்ராஸ்ல ஒரு டாக்டரம்மா பழசா ஒட்டிப் போனதையும் எடுக்கறாங்கன்னு சிதம்பரத்து டாக்டர் சொன்னாரு. மெட்ராஸ் போறதுக்கு முன்னால, அவருகிட்ட லெட்டர் வாங்க வந்த மங்கலமும் அண்ணியும் எங்க குவார்ட்டர்ஸ்ல வந்து தங்குனாங்க. மங்கலம் மாத்திர போட்டுக்கினு மத்தியானம் படுத்துட்டா. நான் சமையக்கட்டுல மொச்சக்கொட்ட உரிச்சுக்கினு இருந்தேன். அண்ணி வந்து எதுத்தாப்ல ஒக்காந்தாங்க.

"எழிலு, அந்தப் போனு வந்துச்சுடி"ன்னாங்க.

எனக்கு ஒண்ணும் புரியல. "எந்தப் போனு?"

"பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிலேர்ந்து. வர்ற வியாழக்கெழம வெறும் வயித்துல கூட்டிக்கினு வரச் சொல்லுங்கன்னு சொன்னாங்க. சொல்றேன்னுட்டு வச்சுட்டேன். அப்ப சண்ட. நான் சொல்லல."

கையில இருந்த மொச்சக்கொட்ட எல்லாம் கீழ செதறிடுச்சு. என் வாய்க்கு வந்ததெல்லாம் பேசுனேன். "நீங்களா இப்படி? ஒரு பொட்டு சந்தனத்துக்காகவா? அந்த மனுஷன் தெனம் தெனம் ஏச்சு வாங்குனாரே, பாத்துக்கினுதானே இருந்தீங்க! அன்னிக்கு டாக்டர் ரூமுல வாயத் தொறந்திருக்கக் கூடாதா?" அண்ணி பொடவத் தலப்ப வாயில திணிச்சுக்கினு அழுதாங்க, மங்கலம் முழிச்சுக்கப் போறாளேன்னு. "கட்டு கட்டுறப்ப எல்லாம் அந்தக் கால்ல விழுந்து சொல்லிடணும்னு தோணும்டி. அவ உடனே 'உன்ன மாதிரி உண்டாக்கா'ம்பா. கட்ட இறுக்கி முடிச்சுப் போட்டுட்டு எழுந்துடுவேன்"னாங்க. "மெட்ராஸ்ல உள்ள கொண்டு போறதுக்கு முன்னால சொல்லிடறேன். அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, நான் யாருகிட்ட போயி சொல்லுவேன்?"

நான் கூடாதுன்னேன். கத்தி மொனைக்குப் போறவ மனசக் கலைக்காதீங்க, நல்லபடியா திரும்பி வரட்டும், அப்புறம் சொல்லுங்கன்னேன். அது சரியா தப்பான்னு எனக்கு இன்னிக்கும் தெரியல.

மெட்ராஸ்ல அந்த டாக்டரம்மா எங்களுக்குப் பொறுமையாச் சொன்னாங்க. "வேலிக் கம்பிய மரம் வளந்து முழுங்கிடும், பாத்திருக்கீங்களா? அந்த மாதிரிதான் இது. புதுசுல, கழுத்து வழியா ஒரு சுருக்குக் கம்பிய விட்டு, ஃபில்டரோட கொக்கியப் புடிச்சு, மேல ஒரு கொழாய எறக்குனா குடை மாதிரி மடங்கி வந்துடும். கொஞ்ச நேரத்து வேல. இவுங்களுக்குக் கொக்கி சாஞ்சு செவுத்துல பொதைஞ்சு, மேல சதை மூடிடுச்சு. வேற வழியெல்லாம் வச்சிருக்கோம். ஆனா இழுக்கறப்ப ரத்தக் கொழாய் கிழிஞ்சா ஆபத்து. ரத்தமும் தயாரா வச்சுக்கறோம், ஆபரேஷன் டாக்டரும் பக்கத்துலயே இருப்பாரு." மங்கலம் கேட்டுட்டு, "அப்பவே போயிருந்தா கொஞ்ச நேரத்து வேலயாமே! பாரு தில்லக்கா, அந்தப் படுபாவி என்ன பண்ணிட்டுப் போயிருக்கான்னு"ன்னா. அண்ணி நாற்காலிக் கைய இறுக்கிப் புடிச்சுக்கினாங்க.

காலையில உள்ள கொண்டு போனாங்க. வெளிய பெஞ்சுல ரேகா, அண்ணி, நான். அண்ணி பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு சின்ன டாக்டர் பச்ச உடுப்போட வெளிய வந்தாரு.

"சுருக்குல கொக்கி மாட்டல. கம்பிய ஃபில்டருக்குள்ள விட்டு வளைச்சு, ரெண்டு மொனையையும் கழுத்து வழியா வெளிய எடுத்து இழுத்துப் பாத்தோம், அசைஞ்சு குடுக்கல. இனிமே நீள இடுக்கி உள்ள விட்டு, மூடியிருக்கற சதையக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு, கொக்கிய நேராப் புடிக்கணும். வரும்னு மேடம் நெனைக்கிறாங்க. கிழியறதுக்கும் வாய்ப்பு இருக்கு. இதோட நிறுத்தவும் செய்யலாம். பேஷன்ட்டு மயக்கத்துல இருக்காங்க, நீங்க சொல்லுங்க"ன்னாரு.

ரேகா அப்பா இல்லாத பொண்ணு. யாரப் பாக்கும்? அண்ணி கையப் புடிச்சுக்கினு, "அத்த, நீங்க சொல்லுங்க. அம்மாவுக்கு உங்களவிட யாரு இருக்காங்க?"ன்னா.

அண்ணி மொகத்த நான் பாக்க முடியாம வேற பக்கம் திரும்பிட்டேன். யாரு வாயால சொல்ல வேண்டியத சொல்லாம விட்டு இந்தக் கதி வந்துச்சோ, அதே வாயத்தான் அந்தப் பொண்ணு பாத்துக்கினு நின்னா. அந்த டாக்டர் கடியாரத்தப் பாத்தாரு.

"எடுத்துடுங்க சாமி, எடுத்துடுங்க"ன்னு அண்ணி கும்புட்டாங்க.

எடுத்துட்டாங்க. டாக்டரம்மா கையில ஒரு பிளாஸ்டிக் டப்பாவோட சிரிச்சுக்கினே வந்தாங்க. இடுக்கியில புடிச்சு, மேல பெரிய கொழாயத் திருகித் திருகி எறக்குனதுல செவுத்துலேர்ந்து உரிஞ்சு வந்துடுச்சாம், எலும்புல குத்திக்கினு இருந்த காலும் சேத்து. டப்பாவுக்குள்ள பாத்தா, சுண்டு வெரல் நீளம்கூட இல்ல. இதுக்கா இம்மாம் பாடுன்னு எனக்கு அழுகையும் சிரிப்புமா வந்துச்சு. அண்ணி டப்பாவ வாங்கவே இல்ல.

மறுநாள் வார்டுல மங்கலம் தலையணைய ஒசத்தி வச்சுச் சாஞ்சு படுத்திருந்தா. கழுத்துல பெரிய கட்டு. ரேகா இட்லி வாங்கப் போயிருந்தா. முதுகு வலி பாதி கொறஞ்சுடுச்சுன்னு மங்கலம் சந்தோஷமாத்தான் பேசிக்கினு இருந்தா. பேசப் பேச பழைய எடத்துக்கே வந்துட்டா.

"ஏழு வருசம் சொமந்தேனே தில்லக்கா. ஒரு எட்டு உன் வீட்டுக்கு வந்து போனு வந்துச்சான்னு கேட்டிருந்தா தீந்துது. அந்த ஆளு எனக்குப் புருஷனா? செத்தும் என் வயித்தெரிச்சல் அடங்கல."

அண்ணி கட்டுல் ஓரத்துலேர்ந்து எழுந்தாங்க. "அவர ஏசாத மங்கலம். போனு வந்துச்சு. நான்தான் சொல்லல"ன்னாங்க. நான் கதவுகிட்ட போயி நின்னுக்கினேன், யாரும் உள்ள வராம. இதத்தான் எங்கிட்டயும் சொன்னாங்கன்னு நெனச்சேன். ஆனா அண்ணி நிறுத்தல.

"அவரு வந்து கேட்டாரு."

மங்கலம் கண்ணு அசையாம அண்ணியவே பாத்தா. எனக்கும் தூக்கி வாரிப் போட்டுச்சு. இத எங்கிட்டகூடச் சொல்லலையே படுபாவின்னு பல்லக் கடிச்சேன்.

"என்ன சொல்ற?"ன்னா மங்கலம்.

"நீ கோயிலுக்குப் போயிருந்த நேரம். கேட்டுக்கு வெளிய நின்னாரு. உள்ள கால வைக்கல. 'தங்கச்சி, ஆஸ்பத்திரிலேர்ந்து எதனா போனு வந்துச்சா'ன்னு கேட்டாரு. அதுக்கு முன்னாலயே போனு வந்துடுச்சு. வரலன்னேன். 'வந்தா எம் பேரச் சொல்லிக் கூப்புடு, நான் வந்து கேட்டது மங்கலத்துக்குத் தெரிய வேணாம், சத்தியம் பண்ணி வச்சிருக்கா'ன்னாரு. கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்ப வந்தாரு. அப்பயும் வரலன்னேன். மொதல்ல இல்லன்னு சொல்லிட்டு அப்புறம் எப்படிடி வந்துச்சுன்னு சொல்லுவேன்? சொல்ல வாய் வரல. பாவி நான். என்ன என்ன வேணா பண்ணு."

மங்கலம் அடிப்பா, காறித் துப்புவான்னு நான் காத்துக்கினு இருந்தேன். துப்புனாலும் தப்பில்லன்னுதான் இருந்தேன். அவ மொகத்தத் திருப்பிக்கப் பாத்தா, கழுத்துக் கட்டு விடல. கண்ணுலேர்ந்து தண்ணி எறங்கிக் காதுக்குள்ள போச்சு.

"ஒரு நாளாச்சும் சொன்னாரா பாரு"ன்னா. "டாக்டர் முன்னால கேட்டனே, சோத்துத் தட்ட வச்சுட்டுக் கேட்டனே, கேட்டேன்டீன்னு ஒரு வார்த்த சொல்லலையே. என் சத்தியத்துக்குப் பயந்துக்கினு வாய மூடிக்கினே போயிட்டாரே." அப்புறம் விசும்பல் வந்துச்சு. கழுத்துல கையை வச்சுக்கினு அழுதா.

அண்ணி மெதுவா வாசப் பக்கம் திரும்புனாங்க.

"எங்க போற? நில்லு"ன்னா மங்கலம். "வந்து நின்னாருன்னியே. எங்க நின்னாரு?"

"கேட்டுக்கு வெளியதான். செருப்பக்கூடக் கழட்டிட்டு நின்னாரு."

"என்ன சொல்லிக் கேட்டாரு?"

"இப்பதானே மங்கலம் சொன்னேன்."

"மொதல்லேர்ந்து சொல்லு"ன்னா மங்கலம். அண்ணி கட்டுல் காலப் புடிச்சுக்கினு, "நீ கோயிலுக்குப் போயிருந்த நேரம்"னு திரும்ப ஆரம்பிச்சாங்க. முடிச்சதும் மங்கலம் கண்ண மூடிக்கினு, "இன்னொரு வாட்டி"ன்னா.